ஸ்லாஷர் உறுமினால்: பழைய புல்வெட்டியில் தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடித்து மாற்றுவது

காவடிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டொங்காட்டிலிருந்து மாமா போன் செய்தார். "தம்பி, கோயில் மைதானத்துல புல்லு முழங்காலுக்கு மேல நிக்குது. ஸ்லாஷர் புலி மாதிரி உறுமுது. ஒரு நடை வந்து பாரேன்." மாமா என்றால் ரத்த உறவு இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அப்பா வயதுக்காரர் எல்லோரும் எங்களுக்கு மாமாதான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டும் நாற்பது வருடத்துப் பழைய ஐந்தடிப் புல்வெட்டிதான் அந்த ஸ்லாஷர். வாரநாளில் கரும்புக் காட்டு வரப்பு, தீத்தடுப்புப் பாதை. திருவிழா வந்தால் கோயில் மைதானம். தைப்பூசம் இங்கே கோடைமழைக் காலத்தில் வருகிறது. கிக்குயூ புல் நேற்று வெட்டினால் நாளை எட்டிப் பார்க்கும்.

என் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், சாமான்களை ஏற்றும்போதே எனக்குத் தெரியும், பேரிங் போயிருக்கும். ஆனால் பேரிங் தானாகச் சாவது குறைவு. கத்தி, தண்ணீர், கயிறு, வெல்டிங் என்று யாராவது அதைக் கொன்றிருப்பார்கள். ஆளைக் கண்டுபிடிக்காமல் புது பேரிங் போட்டால், அடுத்த மாதம் அதே பக்கியில் அதே சாமானோடு நான் திரும்பவும் போக வேண்டும். அதனால் கீழே அறிகுறியிலிருந்து ஆரம்பித்து எழுதியிருக்கிறேன். உங்கள் இயந்திரம் என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

தொடுவதற்கு முன் நான் விட்டுக்கொடுக்காத மூன்று காரியங்கள் உண்டு. டிராக்டர் சாவி என் பையில் இருக்க வேண்டும். டிராக்டரின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் தண்டான பி.டி.ஓ. ஷாஃப்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். ஸ்லாஷரைத் தூக்கினால் அடியில் தடிமனான மரக்கட்டை கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பி அடியில் போகக் கூடாது. பழைய டிராக்டரில் எஞ்சினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அது மெல்ல இறங்கும். நாம் அடியில் இருக்கும்போது அது மெல்ல இறங்கினாலும் ஒன்றுதான், வேகமாக இறங்கினாலும் ஒன்றுதான்.

உறுமுகிறது

உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. எல்லோரும் நேராகக் கியர்பாக்ஸைப் பார்ப்பார்கள். நான் டிராக்டரிலிருந்து ஆரம்பிப்பேன்.

பி.டி.ஓ. ஷாஃப்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு பி.டி.ஓ.வை மட்டும் ஓட விடுங்கள். அப்போதும் உறுமினால் ஸ்லாஷர் மேல் பழி இல்லை, டிராக்டரைப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டதா? சரி, ஷாஃப்டைத் திரும்ப மாட்டி, ஆளை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லி, குறைந்த வேகத்தில் ஓட விட்டு, டிராக்டர் சீட்டில் இருந்தபடியே ஸ்லாஷரை ஒரு சாண் ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போது சத்தமும் நடுக்கமும் கூடி, இறக்கும்போது குறைந்தால் அது யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸ், பி.டி.ஓ. ஷாஃப்ட் மடங்கும் இணைப்பில் இருக்கும் சிலுவைத் துண்டு. கோணம் மாறினால் அதற்கு வலி கூடும். கிராஸின் நாலு மூலையிலும் ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் இருக்கின்றன. கிரீஸ் போகாத மூலையில் அவை துருப்பொடியாகிச் சிவப்புத்தூள் கசியும். அந்த உருளைகளை மூடும் கப்பின் ஓரத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் வேறு சோதனை வேண்டாம், கிராஸை மாற்றிவிடுங்கள்.

ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே சத்தம் என்றால் இப்போது கியர்பாக்ஸுக்கு வரலாம். எல்லாவற்றையும் நிறுத்தி, பி.டி.ஓ. ஷாஃப்டைக் கழற்றி, கத்தி இரண்டையும் கழற்றிவிட்டு, உள்ளே போகும் ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. நல்ல பேரிங் வெண்ணெய் போல வழியும். பள்ளம் விழுந்தது விரலுக்கு மணல் நெரிவது போலத் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரே இடத்தில் ஒரு தட்டு மட்டும் வந்தால் அது பெரும்பாலும் பல் உடைந்த கியர். வெட்டும்போது மட்டும் ஊளையிட்டு, சும்மா ஓடும்போது அமைதியாக இருந்தாலும் கியர் பக்கம்தான் சந்தேகம்.

அடுத்தது ஆட்டம் பார்ப்பது. கத்தி மாட்டும் தட்டின் ஓரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். தட்டு முழுவதும் நேராக மேலே எழுந்து இறங்கினால் அது நீளவாக்கு ஆட்டம்; நட்டு தளர்ந்திருக்கலாம், இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடான ஷிம் போதாமல் இருக்கலாம். ஒரு பக்கம் எழுந்து எதிர்ப்பக்கம் தாழ்ந்தால் அது சாய்வு. பேரிங்கோ அது உட்காரும் இடமோ தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் தெரியும் அளவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பார்க்கிறோம். மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால், ஓரத்தில் 6 மி.மீ. ஆடுவது உள்ளே சுமார் 1 மி.மீ. தான். ஆனால் அந்த 1 மி.மீ. சாய்ந்த உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்குக்கு ரொம்ப ரொம்ப அதிகம்.

மாமாவின் ஸ்லாஷரில் ஓரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சாய்ந்தது. மாமா கடப்பாரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நடுங்குகிறது

உறுமலோடு டிராக்டர் சீட்டு வரை நடுக்கம் வந்தால் பேரிங்கை மறந்துவிட்டு முதலில் கத்திகளைத் தராசில் வையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், சமையலறைத் தராசு போதும். வீட்டில் கேட்காமல் எடுக்காதீர்கள்.

மாமாவின் கத்திகளில் ஒன்று புதுசு. போன வருடம் புல்லுக்குள் கிடந்த ஒரு வேலிக்கம்பியில் அடித்து ஒரு கத்தி வளைந்துபோக, அதை மட்டும் மாற்றியிருக்கிறார். இன்னொன்று நல்லாத்தானே இருக்கு, எதற்குக் காசு என்று. பழையது தீட்டித் தீட்டித் தேய்ந்தது. எடை போட்டேன், வித்தியாசம் 250 கிராம். நடுவிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி அந்த எடை சுற்றுகிறது, வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், அது ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுக்கும் விசை 100 கிலோவுக்கு மேல் வருகிறது. இரண்டு சிமென்ட் மூட்டையைக் கத்தி நுனியில் கட்டி, விநாடிக்குப் பதின்மூன்று தடவை சுழற்றுவது போல. ஒரு வருடமாக மாமா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணமாகச் சுமை ஒரே திசையில் நிற்கும், ஷாஃப்ட் சுழலும். அதனால்தான் உள்வளையத்தை ஷாஃப்டில் இறுக்கமாகவும், வெளிவளையத்தை அது உட்காரும் கூட்டில் கொஞ்சம் இலகுவாகவும் வைப்பது வழக்கம். கத்தி எடை மாறினால் சுமையும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது. அப்போது அடி வாங்குவது வெளிவளையம். இலகுவாக வைத்த அது கூட்டுக்குள் மெல்ல ஊர்ந்து நகர ஆரம்பிக்கும், நகர்ந்து நகர்ந்து கூட்டையே சாணை பிடித்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது வெளிவளையத்தின் முதுகு கண்ணாடிபோல் பளபளத்தால், கத்திகளின் எடையைக் கேளுங்கள். மாமாவினுடையது அப்படித்தான் மின்னியது.

கத்தியை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், போல்ட்டும் அதைச் சுற்றிய உறையான புஷ்ஷும் சேர்த்து. பழைய ஜோடியையே ஓட்ட வேண்டும் என்றால் கனமானதன் பின்புறத்தில் சாணை பிடித்து எடையைச் சமமாக்குங்கள். வெட்டும் முனையில் கை வைக்காதீர்கள், லேசானதில் வெல்டிங் குமிழ் வைத்து எடை ஏற்றவும் வேண்டாம். அந்தக் குமிழ் ஒருநாள் பறக்கும், எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எடை சரியாக இருந்தும் நடுங்கினால், கத்தி தன் போல்ட்டில் தாராளமாக வெளியே வீசி நிற்கிறதா என்று பாருங்கள். துருவில் ஒரு கத்தி பாதி மடங்கியே நின்றுவிட்டால் அதுவும் எடை மாறிய மாதிரிதான்.

அடியில் எண்ணெய் சொட்டுகிறது

கியர்பாக்ஸின் அடியில், கத்தித் தட்டுக்கு மேலே, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் இருக்கும். அதற்குக் காலன் கயிறு. வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு, வேலிக் கம்பி, உரமூட்டை நார் எல்லாம் ஷாஃப்டில் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, சீலின் உதட்டை அறுத்து உள்ளே போகும். தட்டைக் கழற்றினால் பறவைக்கூடு மாதிரி ஒரு பந்து கிடைக்கும். மாமாவினுடையதில் கயிற்றோடு ஒரு மஞ்சள் துணியும் வந்தது. எந்தக் காவடியில் கட்டியதோ.

சீல் போனதும் எண்ணெய் வெளியே, தண்ணீரும் மண்ணும் உள்ளே. கொஞ்சம் எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கி வெயிலில் பிடியுங்கள். பாலில் டிகாக்ஷன் கலந்த நிறம் என்றால் தண்ணீர். ஆட்டும்போது வெள்ளித்தூள் மினுங்கினால் பேரிங்கோ கியரோ உதிர்கிறது. பாட்டிலுக்கு வெளியே காந்தம் வைத்து இழுத்தால் இரும்புத்தூள் அதன் பின்னால் வரும்.

பலர் இந்த இடத்தில் குறுக்குவழி ஒன்று செய்கிறார்கள்: எண்ணெய் நிற்கவில்லையா, கியர்பாக்ஸ் நிறையக் கிரீஸைத் திணித்துவிடு. கெட்டி கிரீஸில் கியர் தனக்கு ஒரு பாதை வெட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வெறுமையாகச் சுற்றும். கிரீஸ் சுவரில் ஒட்டி நிற்கும், மேல் பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. சீசன் நடுவில் வேறு வழியே இல்லை என்றால் குழம்புப் பதத்தில் இருக்கும் 00 கிரீஸ் பரவாயில்லை. அது தானாக வழிந்து திரும்பி வரும். முறையான மருந்து என்றால் புது சீலும் 90 நம்பர் கியர் எண்ணெயும்தான்.

புது சீல் போடுவதற்கு முன் நகத்தால் ஷாஃப்டைத் தடவுங்கள். பழைய உதடு உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். சீலை 2 அல்லது 3 மி.மீ. மேலே தள்ளி உட்காரவைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம், இல்லாவிட்டால் அந்த இடத்தில் மெல்லிய உறை ஏற்றலாம். ஸ்பிரிங் இருக்கும் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். இரட்டை உதடு கிடைத்தால் அதையே வாங்கி, இரண்டு உதட்டுக்கும் நடுவில் கிரீஸைத் தடவிவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். சீல் புதுசு, ஷாஃப்ட் நல்லது, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் மேலே இருக்கும் காற்றுத் துளையைக் குத்திப் பாருங்கள். சூட்டில் உள்ளே காற்று விரிந்து, போக வழியில்லாமல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வரும். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் அந்தத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும்.

சுடுகிறது

அரை மணி நேரம் வெட்டிவிட்டு, எல்லாம் நின்ற பின், கியர்பாக்ஸில் உள்ளங்கையை வையுங்கள். வைத்துக்கொண்டே பேச முடிந்தால் பிரச்சினை இல்லை. நாலைந்து எண்ணுவதற்குள் கையை எடுத்தால் சுமார் 60 டிகிரி தாண்டியிருக்கிறது; எண்ணெய் அளவைப் பாருங்கள். தண்ணீர் தெளித்ததும் சுரீர் என்று ஆவியானால் 100 டிகிரிக்கு மேல். அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் புல் காய்ந்து சருகாகிவிடும், மலைப்பக்கமிருந்து வெப்பக்காற்று அடிக்கும். 1998-ஆம் ஆண்டின் காட்டுத்தீச் சட்டப்படி, தீ பரவும் ஆபத்துள்ள நிலம் வைத்திருப்பவர் எல்லையில் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைக்க வேண்டும். அந்தப் பாதையை வெட்டப் போன ஸ்லாஷரின் மேல் தூசியும் சருகும் ஒரு சாண் கிடக்க, அடியில் பேரிங் பழுக்கக் காய்ந்தால் தீயைத் தடுக்கப் போனவரே வைத்ததாகிவிடும். சருகைத் துடைத்துவிட்டு வேலை செய்யுங்கள், டிராக்டரில் தண்ணீர் கேன் ஒன்று இருக்கட்டும்.

புதிதாக மாற்றிய பேரிங் முதல் நாளே சுட்டால் அது இறுக்கம் அதிகமானதால். அதைக் கீழே சொல்கிறேன்.

கழற்ற வரவில்லை

வெளிவளையத்தை, அதாவது கப்பை, உளி வைத்து அடித்துக் கூட்டைப் பிளந்தவர்கள் கதை நிறைய உண்டு. கூட்டுக்குப் பின்னால் அடிக்க இடம் இல்லாத குருட்டுத் துளையாக இருந்தால், கப்பின் உள்முகத்தில் வட்டமாக ஒரு வெல்டிங் கோடு ஓட்டுங்கள். ஆறும்போது கோடு சுருங்கி, கப்பையும் சேர்த்துச் சுருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாலே வந்துவிடும், சில சமயம் தானாக விழும். முதல் தடவை பார்த்தபோது மந்திரம் மாதிரி இருந்தது. மாமாவினுடையது ஏற்கெனவே ஊர்ந்து தளர்ந்துபோனதால் விரலாலேயே வந்தது. அது நல்ல செய்தி இல்லை.

ஷாஃப்டில் இறுகிய உள்வளையத்துக்கு, அதாவது கோனுக்கு, இழுத்துக் கழற்றும் புல்லர் வேண்டும். புல்லரும் பிடிக்கவில்லை என்றால் கூண்டையும் உருளைகளையும் உடைத்தெடுத்துவிட்டு, மிஞ்சிய வளையத்தில் சாணையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஷாஃப்டைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, அந்தக் கோட்டில் உளி வைத்து ஒரே அடி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரிங் இரும்பு பீங்கான் மாதிரி தெறிக்கும்.

கழுவிய பேரிங்கைக் காற்றுக்குழாய் வைத்து உய்யென்று சுழற்றும் பழக்கம் பட்டறைப் பையன்களுக்கு உண்டு. காய்ந்த பேரிங் அந்த வேகத்தில் வெடித்துக் கண்ணில் பாயும். என் பட்டறையில் அது ஒன்றுக்குத்தான் நான் சத்தம் போடுவேன்.

நம்பர் கோனின் முகத்தில் பொறித்திருக்கும். மாமாவின் கீழ் பேரிங்கில் 30207 என்று மங்கலாகத் தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை: 07 என்றால் 35 மி.மீ. இந்தக் கணக்கு 04-இலிருந்து மேலே சரியாக வரும். நம்பர் அழிந்துபோயிருந்தால் வெர்னியரில் உள்துளை, வெளிவிட்டம், அகலம் மூன்றையும் எடுங்கள். 35, 72, 18.25 வந்தால் அதே 30207 தான். பழைய இங்கிலாந்து, அமெரிக்கச் சரக்குகளில் அங்குலக் கணக்கு இருக்கும், அங்கேதான் ஏமாறுவோம். உள்துளை 31.75 மி.மீ. வந்தால் அது ஒன்றேகால் அங்குலம், எல்.எம். 67048 கோனும் எல்.எம். 67010 கப்பும் கேட்க வேண்டும். "கிட்டத்தட்ட முப்பதுதான் தம்பி, தட்டினா போயிடும்" என்று ஒருமுறை ஒரு கடையில் வேறு சைஸைக் கையில் திணித்தார்கள். தட்டினால் போகாது. கோன், கப் இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள். பழைய கப்பில் புதுக் கோனை வைத்தால், பழைய பள்ளம் புது உருளையில் அச்சடித்துவிடும்.

மாட்டுவது

கோனைச் சூடாக்கி, ஷாஃப்டைக் குளிர்வித்தால் சுத்தியலே வேண்டாம். எங்கள் பட்டறையில் ஒரு பழைய வடைச்சட்டி இருக்கிறது. ஆயா வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு என்று வாங்கி வந்தது, பதினொரு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. அதில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, கோனைக் கம்பியில் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல், 100 டிகிரி வரை சூடாக்குகிறேன். முறுக்கு போடும் சூடு கூடாது, அது 170-ஐத் தாண்டிவிடும். பேரிங் இரும்புக்கு 120 டிகிரியே எல்லை; அதற்கு மேல் அதன் அளவும் உறுதியும் கெட ஆரம்பிக்கும். எண்ணெயில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுவிடுங்கள், கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஷாஃப்ட் முந்தின இரவே ஃப்ரீசரில் போய்விட வேண்டும். மின்வெட்டு இல்லாத இரவாகப் பார்த்து.

சட்டியிலிருந்து எடுத்ததும் மூன்று நாலு விநாடிதான். கையுறையோடு நேராகப் பிடித்து, ஷாஃப்டில் விட்டு, அதன் படியில் தொப்பென்று உட்காரும் வரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறும்போது பின்வாங்கும், விடாதீர்கள். இருபக்கமும் ரப்பர் மூடி வைத்த பந்து பேரிங்கை மட்டும் எண்ணெய்ச் சட்டியில் போடக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டுவிடும்.

கப்பைக் கூட்டில் இறக்கப் பழைய கப்பே நல்ல கருவி. அதன் முதுகைச் சாணையில் கொஞ்சம் குறைத்துவிட்டு, புதுக் கப்பின் மேல் வைத்து அடிக்கலாம். வேலை முடிந்ததும் அது உள்ளே சிக்கிக்கொள்ளாமல் கழன்றுவரும். சத்தத்தைக் கவனியுங்கள். இறங்கும் வரை மொட்டையாகக் கேட்கும். அடியில் உட்கார்ந்ததும் மணி அடித்த மாதிரி மாறும்.

இனி இறுக்கம். புத்தகம் இருந்தால் புத்தக அளவு. இல்லாவிட்டால், ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுழற்றாமல் இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் போய் உட்காராது. கடப்பாரையால் நெம்பினால் மேலும் கீழும் ஆட்டம் துளியும் தெரியக் கூடாது, கையால் சுழற்றினால் லேசாக ஒட்டுவது போல் ஒரு தடை இருக்க வேண்டும். ஷிம் வைத்த கியர்பாக்ஸ் என்றால் பழைய ஷிம்களை வரிசை மாறாமல் கம்பியில் கோத்து வையுங்கள், அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். வால்சக்கரம் மாதிரி மெதுவாகச் சுற்றும் இடத்தில் இவ்வளவு வேண்டாம். இறுக்கிவிட்டு நட்டை ஆறில் ஒரு சுற்று பின்னால் விட்டு, காட்டர் பின்னைப் போடுங்கள்.

புதுசு போட்டும் சீக்கிரம் போய்விட்டது

இந்த அறிகுறியோடுதான் என்னிடம் அதிகம் பேர் வருகிறார்கள்.

கூடு தேய்ந்திருந்தால் புது பேரிங் பழைய வேகத்தில்தான் சாகும். புதுக் கப் கையாலேயே உள்ளே போகிறதா? மாமாவின் கூட்டில் போனது. மைக்ரோமீட்டரில் இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் வந்தது. கால் மில்லிமீட்டருக்குள் என்றால் லாக்டைட் 638 மாதிரிப் பேரிங் பசை பிடித்துக்கொள்ளும். இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பூசி, இரவு முழுவதும் விட வேண்டும். அதைவிட அதிகம் தேய்ந்திருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டைப் பெரிதாகக் குடைந்து உறை அடிப்பதுதான் வழி. சென்டர் பஞ்சால் கூட்டைச் சுற்றி ஐம்பது புள்ளி குத்தி இறுக்குவதை நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன். பேரிங் அந்தப் புள்ளிகளின் முனையில்தான் நிற்கும், ஒரே சீசனில் முனைகள் மழுங்கிவிடும்.

ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். அங்கே வெல்டிங் ஏற்றிக் கடைவதானால் ஷாஃப்ட் வளையாமல் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

இன்னொரு கொலைகாரன் நான்தான். ஒரு ஸ்லாஷரின் கத்தித் தட்டில் விரிசலை வெல்டிங் வைத்து, எர்த் கிளாம்பை வசதியாக மேலே சட்டத்தில் மாட்டிவிட்டேன். தட்டிலிருந்து சட்டத்துக்கு மின்சாரம் போக ஒரே வழி பேரிங்தான். உருளை தொட்ட ஒவ்வொரு இடத்திலும் பொறி பறந்து குட்டிக்குட்டிக் கரும்புள்ளி. பத்து நாளில் உறுமல். அந்தப் பேரிங்கை நான் மாற்றிக்கொடுத்தேன், காசு வாங்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். வெல்டிங் வைக்கும் துண்டிலேயே எர்த்தை மாட்டுங்கள்.

அழுத்தத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சூடான கியர்பாக்ஸில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் எதிர்த் தவறு நடக்கும்: ரப்பர் மூடி பிதுங்கும் வரை கிரீஸ் கன்னை அழுத்துவது. ஒரு நிப்பிளுக்கு இரண்டு அழுத்து, தினமும். அதற்கு மேல் போனால் மூடி பிய்ந்து, நாளைக்கு மண் உள்ளே போகும்.

பெல்ட்டில் ஓடும் சின்னப் புல்வெட்டிகளில் சுழல்தண்டுக்கு 6205 மாதிரிப் பந்து பேரிங் இருக்கும் (25, 52, 15). நம்பருக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்றால் இருபக்கமும் ரப்பர் மூடி, இசட்.இசட். என்றால் தகரமூடி. புல்லுக்கும் ஈரத்துக்கும் ரப்பர்தான். பெல்ட் இழுவையை அளவுக்கு மீறி முறுக்கினால் கப்பிப் பக்கத்துப் பேரிங் மட்டும் திரும்பத் திரும்பப் போகும்.

கட்டர்பார் தட்டுகிறது

கத்தரி மாதிரிப் பல்வரிசை போய்வரும் பழைய கட்டர்பார் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. டக்டக் என்று ஒவ்வொரு வீச்சிலும் தட்டினால், கத்தியை இழுக்கும் தடியின் புஷ்ஷோ கத்தித் தலையின் உருண்டையோ தேய்ந்திருக்கும். அங்கே பல இயந்திரங்களில் பந்து பேரிங்கே கிடையாது, வெறும் வெண்கலப் புஷ்தான், அதைக் கடைந்து போடுவது சுலபம். போட்டபின் ஒன்றைப் பாருங்கள்: பறக்கும் சக்கரத்தைக் கையால் திருப்பினால், வீச்சின் இரு கடைசியிலும் ஒவ்வொரு கத்திப்பல்லும் அதன் காப்புவிரலின் நடுவில் நிற்க வேண்டும். பெரும்பாலும் பல்லின் அகலமும் வீச்சும் 3 அங்குலம். ஒரு பக்கம் தாண்டி மறுபக்கம் போதாமல் நின்றால் தடியின் நீளம் சரியில்லை. புது புஷ் சீக்கிரமே பழைய சத்தத்துக்கு வந்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

எண்ணெயை ஊற்றி, கத்தி இல்லாமல் பத்து நிமிடம் குறைந்த வேகத்தில், பிறகு கத்தி மாட்டி பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்றி இன்னொரு பத்து நிமிடம். நிறுத்திவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள், கடப்பாரையால் ஆட்டிப் பாருங்கள். முதல் அரை நாள் வெட்டியபின் மறுபடியும் ஒருமுறை. கப் முழுதாக உட்காராமல் இருந்திருந்தால் அதற்குள் உட்கார்ந்து ஆட்டம் காட்டிவிடும்.

மாமாவுக்குப் பசை காய ஒரு இரவும் சீல் வாங்க டர்பன் போய்வர ஒரு பகலுமாக மூன்று நாள் ஆனது. நாலாவது நாள் மைதானத்தில் ஓட விட்டோம். மூன்றாவது வரிசையில் மாமா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எனக்குப் பகீரென்றது.

"என்ன மாமா, சத்தமா?"

"சத்தமே இல்லப்பா. ஓடுதான்னு பாக்கத்தான் இறங்கினேன்."

புது ஜோடிக் கத்திக்கான பில்லை அவர் கையில் கொடுத்தேன். பழைய இரண்டையும் தராசில் வைத்த காகிதத்தை அதன் பின்னால் ஒட்டியிருந்தேன்.